சிகிச்சை முடிந்த பிறகு இன்னும் ஆறு மாதமா? ராப்டோமயோசார்கோமா பற்றி ஒரு கேள்வி

கடைக்குட்டியின் அப்பா (ஞாயிறு, இரவு 10.50)

வணக்கம். என் மகளுக்கு ஐந்து வயது. வலது முன்கையில் ராப்டோமயோசார்கோமா என்ற மென்திசுப் புற்றுநோய், அதில் எம்பிரியோனல் வகை. ஊஞ்சலிலிருந்து விழுந்த வீக்கம் என்று முதலில் நாங்கள் நினைத்தோம். சீழ்க்கட்டி என்று நினைத்து ஒரு சிறு மருத்துவமனையில் கீறிவிட்டார்கள். சீழ் வரவில்லை. பயாப்ஸி முடிவு வருவதற்குள் ஒரு மாதம் ஓடிவிட்டது. அந்தக் கதையை இப்போது கிளற விரும்பவில்லை.

ஒன்பது சுற்றுக் கீமோ முடிந்தது. கதிர்வீச்சும் முடிந்தது. போன வாரம் எடுத்த ஸ்கேனில் எதுவும் இல்லை. தலையில் பூனைமுடி மாதிரி முளைக்க ஆரம்பித்திருக்கிறது, அவளே தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இந்த நேரத்தில் மருத்துவர் இன்னும் ஆறு மாதம் ‘பராமரிப்புச் சிகிச்சை’ வேண்டும் என்கிறார். வாரம் ஓர் ஊசி, வீட்டில் மாத்திரை. ஐரோப்பாவில் நடந்த ஓர் ஆய்வு இதைக் காட்டியிருக்கிறது என்றார். வெளியே நாற்பது பேர் காத்திருக்கும்போது அதற்கு மேல் கேட்க வாய் வரவில்லை.

என் மனைவி, “ஸ்கேனில்தான் ஒன்றும் இல்லையே, பிறகு எதற்கு?” என்கிறாள். அந்த ஆய்வைப் படித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

கல்வமும் குழவியும் (ஞாயிறு, இரவு 11.35)

ஐயா, நான் ஒரு மருத்துவமனையில் மருந்தாளர். புற்றுநோய் மருந்துகளைக் கலக்கும் அறையில் பன்னிரண்டு வருடமாக வேலை. சிகிச்சையை முடிவு செய்பவர் உங்கள் மருத்துவர்தான். ஆய்வைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஐரோப்பாவின் குழந்தைகள் மென்திசு சார்கோமா ஆய்வுக்குழு நடத்திய ‘ஆர்எம்எஸ் 2005’ சோதனை அது. தலைமை ஏற்றவர் இத்தாலியின் பாதுவா நகரத்து மருத்துவர் ஜான்னி பிசோன்யோ. 14 நாடுகளில் 102 மருத்துவமனைகள் சேர்ந்து, 2006 முதல் 2016 வரை பத்து வருடம் பிடித்துத் திரட்டிய குழந்தைகள் 371 பேர். உங்கள் மகளைப் போலவே வழக்கமான சிகிச்சையை முடித்து, ஸ்கேனில் நோய் தெரியாத நிலைக்கு வந்தவர்கள்; ஆனால் நோய் திரும்பி வரும் ஆபத்து அதிகம் என்று கணிக்கப்பட்டவர்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு அத்தோடு நிறுத்தினார்கள். மீதிப் பாதிக்கு ஆறு மாதம் வினோரெல்பின் ஊசியும் குறைந்த அளவு சைக்ளோபாஸ்பமைடு மாத்திரையும் கொடுத்தார்கள்.

ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள்: நிறுத்திய பக்கம் 73.7 சதவீதம், தொடர்ந்த பக்கம் 86.5 சதவீதம். 2018-இல் சிகாகோவில் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்களின் மாநாட்டில் முதன்மை மேடையில் இது வாசிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு கட்டுரையாக வந்தது. பல பத்தாண்டுகளாக இந்த நோயில் மருந்தை மாற்றி மாற்றிப் பார்த்தும் நகராமல் கிடந்த எண் அது.

உங்கள் மனைவியின் கேள்விக்கு: ஸ்கேனுக்குத் தெரிவது ஒரு கட்டி உருவானால்தான். அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒளிந்திருக்கும் செல் அதில் தெரியாது. அறுவடை முடிந்த வயலில் களை விதை கிடப்பது மாதிரி.

எண்ணும் எழுத்தும் (திங்கள், காலை 6.20)

காலையிலேயே முரண்டு பிடிப்பதற்கு மன்னிக்கவும். கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவன் நான். மருந்தாளர் சொன்ன எண்கள் சரி. சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு.

ஒரு சோதனையைத் தொடங்கும் முன்பே ‘நான் கேட்கப்போகும் முதன்மைக் கேள்வி இது’ என்று எழுதி வைத்துவிட வேண்டும். இவர்கள் எழுதி வைத்தது உயிர் பிழைப்பு அல்ல, நோய் திரும்பாமல் இருப்பது. அதில் வந்த விடை 77.6-க்கு எதிராக 69.8. பி மதிப்பு 0.061. அதாவது இரண்டு பக்கத்துக்கும் உண்மையில் வேறுபாடே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், இவ்வளவு பெரிய இடைவெளி தற்செயலாகத் தோன்ற நூற்றில் ஆறு வாய்ப்பு. வழக்கமாக ஐந்துக்குக் கீழே வந்தால்தான் தேறியதாக ஏற்போம். எழுதி வைத்த தேர்வில் நூலிழையில் தேறவில்லை, எழுதி வைக்காத தேர்வில் முதல் வகுப்பு. இதை எப்படி எடுத்துக்கொள்வது?

இன்னொரு நெருடல். நோய் திரும்புவதில் 8 புள்ளி இடைவெளி, உயிர் பிழைப்பதில் கிட்டத்தட்ட 13. திரும்பினால்தானே பெரும்பாலும் உயிர் போகிறது? விளைவு எப்படிக் காரணத்தைவிடப் பெரிதாக இருக்கிறது?

கல்வமும் குழவியும் (திங்கள், காலை 8.05)

ஆசிரியரே, சொல்லாமல் விட்டது என் பிழைதான். ஒரு தந்தை கேட்கும்போது பி மதிப்பை எடுத்து நீட்ட மனம் வரவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். 371 குழந்தைகளைத் திரட்டவே 14 நாட்டுக்குப் பத்து வருடம் ஆனது. அமெரிக்கா முழுவதிலும் வருடத்துக்கு ஏறத்தாழ 350 குழந்தைகளுக்குத்தான் இந்த நோய் வருகிறது. நெஞ்சுவலி மருந்துக்கு இருபதாயிரம் பேரைச் சேர்த்துச் சோதிப்பது மாதிரி இங்கே முடியுமா? 0.061-ஐ 0.049 ஆக்குவதற்காக இன்னொரு பத்து வருடம் பாதிக் குழந்தைகளுக்கு நிறுத்திப் பார்க்கலாம் என்று எந்த மருத்துவமனைக் குழு அனுமதி கொடுக்கும்?

எண்ணும் எழுத்தும் (திங்கள், காலை 8.40)

அனுமதி கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. ‘நிரூபித்தாகிவிட்டது’ என்று சொல்லாதீர்கள், ‘நம்பத் தகுந்தது’ என்று சொல்லுங்கள் என்பதுதான் என் வாதம். இரண்டுக்கும் நடுவில் ஒரு பெற்றோர் நிற்கிறார். உயிர் பிழைப்புக்கான பி மதிப்பு 0.0097 என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன், மறைத்தேன் என்று வேண்டாம். அதைத் தற்செயல் என்று தள்ளுவது எனக்கே கடினம்.

ஆய்வகப் பூனை (திங்கள், மாலை 7.15)

சார்கோமா செல்களை வளர்த்துப் பார்ப்பதுதான் என் வேலை, அதனால் இந்த இழையைத் தாண்டிப் போக முடியவில்லை.

முதலில் கொஞ்சம் பழங்கதை. 1972-இல் அமெரிக்காவில் பல ஆய்வுக்குழுக்கள் சேர்ந்து இந்த நோய்க்கென்றே ஒரு கூட்டுக்குழு அமைத்தன. ஒரு மருத்துவமனைக்கு வருடத்தில் ஒன்றிரண்டு குழந்தைகள்தான் வருவார்கள், தனித்தனியாகப் பார்த்தால் யாருக்கும் எதுவும் விளங்காது என்பதால். 1970 வாக்கில் நான்கில் ஒரு குழந்தை பிழைத்தது. அந்தக் கூட்டுக்குழுவின் முதல் சோதனையில் ஐந்து வருடப் பிழைப்பு 55 சதவீதம், இரண்டாவதில் 63, மூன்றாவதில் 71. தொண்ணூறுகளில் அந்த ஏணியின் படிகள் தீர்ந்துபோயின.

அதற்குப் பிறகு வந்த தோல்விகளைப் பற்றி யாரும் இழை தொடங்குவதில்லை. டோப்போடீக்கானைச் சேர்த்தார்கள், பயனில்லை. ஐரினோடீக்கானைக் கலந்தார்கள், பிழைப்பு கூடவில்லை. ஆனால் சைக்ளோபாஸ்பமைடின் மொத்த அளவைக் குறைக்க முடிந்தது. இதே ஐரோப்பியச் சோதனையின் முதற்பாதியில் 484 குழந்தைகளைக் கொண்டு டாக்ஸோரூபிசினைச் சேர்த்துப் பார்த்தார்கள். இதயத்தைப் பாதிக்கக்கூடிய மருந்து. பக்கவிளைவு கூடியது, பயன் கூடவில்லை. அந்த விடை வந்ததால் இன்று ஐரோப்பாவில் எத்தனையோ குழந்தைகளின் இதயம் அந்த மருந்திலிருந்து தப்பியது. 2024-இல் டெம்சிரோலிமஸ் சோதனையின் முடிவு வெளிவந்தது. ஆய்வகத்தில் அழகாக வேலை செய்த மருந்து அது, எங்களைப் போன்றவர்களுக்குச் செல்லப்பிள்ளை. குழந்தைகளிடம் எடுபடவில்லை. அன்று மாலை எங்கள் ஆய்வகத்தில் யாரும் தேநீர் குடிக்கப் போகவில்லை.

இவ்வளவு புது மருந்தும் தோற்ற இடத்தில் காப்புரிமை காலாவதியான இரண்டு பழைய மருந்துகள், அதுவும் சிறிய அளவில், நீண்ட நாள் கொடுத்ததால் வென்றிருக்கின்றன. பெரிய அடியாக அடித்துவிட்டு மூன்று வாரம் விடுவதற்குப் பதில், தினமும் கொஞ்சம். கட்டிக்கு ரத்தம் கொண்டுவரும் புதுக் குழாய்கள் முளைப்பதை இது தடுக்கிறது என்பது ஒரு விளக்கம். மெதுவாகப் பிரியும் செல்கள் எப்போதாவது பிரியும்போது மருந்து அங்கே காத்திருக்கிறது என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை, ஆனால் அது என் சாய்வு.

வேப்பிலை (திங்கள், இரவு 9.30)

வினோரெல்பின், வின்கிரிஸ்டின் எல்லாம் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுப்பதுதானே? எங்கள் ஊர்ப் பக்கம் சுடுகாட்டு மல்லி என்போம், வேலியோரம் தானாக முளைத்துக் கிடக்கும். அதன் இலையைக் கஷாயம் வைத்துக் கொடுத்தால் ஊசி வலி இல்லாமலே அதே பலன் கிடைக்காதா? குழந்தையின் கஷ்டத்தைப் பார்த்துக் கேட்கிறேன், தவறாக எண்ண வேண்டாம்.

கல்வமும் குழவியும் (திங்கள், இரவு 10.10)

தவறாக எண்ணவில்லை அம்மா. இதே கேள்வியை என் மாமியாரும் கேட்டார்.

செடி அதேதான். தென் மாவட்டங்களில் ஏக்கர் கணக்கில் பயிரிட்டு ஏற்றுமதியும் செய்கிறார்கள். ஆனால் அந்த இலையில் ஆல்கலாய்டு என்ற வேதிப்பொருட்கள் நூற்றுக்கும் மேல் கலந்து கிடக்கின்றன. வின்கிரிஸ்டின் அதில் மிக மிகச் சொற்பம். டன் கணக்கில் இலையைக் காய்ச்சினால் கிராம் கணக்கில் மருந்து கிடைக்கும். ஒரு குவளைக் கஷாயத்தில் அது எவ்வளவு இருக்கும், கூட வரும் மற்றவை எவ்வளவு இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நரம்பைக் கெடுக்கும், வெள்ளணுக்களைக் குறைக்கும் நஞ்சு அது. ஊசியில் மில்லிகிராம் கணக்கில் அளந்து, இரண்டு பேர் சரிபார்த்து, நாங்கள் கையெழுத்துப் போட்டு அனுப்புகிற பொருள். தயவுசெய்து அந்தக் கஷாயத்தை எந்தக் குழந்தைக்கும் கொடுக்காதீர்கள்.

சுவையான ஒரு செய்தி: இதைச் சர்க்கரை நோய்க்கான நாட்டு மருந்து என்று நம்பித்தான் ஐம்பதுகளில் கனடாவில் ஆராய்ந்தார்கள். ஜமைக்காவிலிருந்து தபாலில் வந்த இலை. எலிகளுக்குச் சர்க்கரை இறங்கவில்லை, வெள்ளணுக்கள் இறங்கின. அந்தத் தோல்வியைக் குப்பையில் போடாமல் உற்றுப் பார்த்ததால் கிடைத்த மருந்துக் குடும்பம் இது.

இரவுப்பணி (செவ்வாய், அதிகாலை 3.45)

செவிலியர். வார்டு அமைதியாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

அண்ணா, ஆய்வைப் பற்றி இவர்கள் சொல்வது போதும். அந்த ஆறு மாதம் வீட்டில் எப்படி இருக்கும் என்பதை நான் சொல்கிறேன். முன்பு பார்த்த கீமோ மாதிரி இருக்காது. வாந்தி குறைவு, முடியும் பெரும்பாலும் முளைத்துக்கொண்டே வரும். மூன்று வாரம் வாரத்துக்கொரு ஊசி, நான்காவது வாரம் ஓய்வு. ஆனால் வெள்ளணுக்கள் இறங்கும். அந்தச் சோதனையிலேயே பெரும்பாலான குழந்தைகளுக்கு நன்றாக இறங்கியது. ஆகவே காய்ச்சல் வந்தால் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்கு வர வேண்டும் என்ற விதி அப்படியே இருக்கும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

வினோரெல்பின் சின்ன நரம்பில் போட்டால் எரியும், வெளியே கசிந்தால் தோல் புண்ணாகும். அதனால் மருந்து ஏற்றுவதற்காக நெஞ்சில் வைத்த போர்ட்டை இப்போதே எடுத்துவிட வேண்டாம் என்று மருத்துவர் சொல்வார். பல அம்மாக்கள் அங்கேதான் உடைந்துபோகிறார்கள். போர்ட் எடுக்கும் நாளைத்தான் அவர்கள் மனத்துக்குள் ‘முடிந்த நாள்’ என்று குறித்து வைத்திருப்பார்கள். உங்கள் மனைவிக்கும் அதுதான் என்று நினைக்கிறேன்.

கடைக்குட்டியின் அப்பா (செவ்வாய், காலை 7.00)

ஆமாம், அதுவேதான். அடுத்த வாரம் எடுப்பார்கள் என்று மகளிடமே சொல்லிவிட்டோம். தண்ணீரில் குதித்து விளையாடலாம் என்று சொல்லி வைத்திருந்தோம்.

எல்லோருக்கும் நன்றி. ஆசிரியர் சொன்னதைத்தான் இரண்டு முறை படித்தேன். ‘நம்பத் தகுந்தது’ என்ற சொல் எனக்கு உதவுகிறது. நிரூபித்தாகிவிட்டது என்று சொல்லியிருந்தால் மனைவியிடம் அதை வைத்துச் சண்டை போட்டிருப்பேன்.

இன்னொன்றும் கேட்கிறேன். இது பரம்பரையாக வருமா? மூத்தவன் இருக்கிறான். உறவினர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கர்ப்ப காலத்தில் இவள் எதைச் சாப்பிட்டாள், எங்கே போனாள் என்று ஒரு விசாரணையே நடந்துவிட்டது.

ஆய்வகப் பூனை (செவ்வாய், காலை 9.20)

அந்த விசாரணையை இன்றே முடித்துவையுங்கள். நீங்களோ உங்கள் மனைவியோ செய்த எதனாலும் இது வரவில்லை. பெரும்பாலான குழந்தைகளுக்குப் பரம்பரைக் காரணம் எதுவும் கிடைப்பதில்லை.

சிலருக்கு உண்டு. அது தெரியவந்ததே இந்த நோயால்தான். 1969-இல் லீ, ஃபிராமெனி என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் ராப்டோமயோசார்கோமா வந்த 648 குழந்தைகளின் மருத்துவக் குறிப்புகளையும் இறப்புச் சான்றிதழ்களையும் எடுத்துப் படித்தார்கள். அவற்றில் ஒருசில குடும்பங்களில் மட்டும் இளம் வயது மார்பகப் புற்றுநோயும் வேறு புற்றுநோய்களும் குவிந்திருந்ததைக் கவனித்தார்கள். அதற்குக் காரணம் டிபி53 என்ற மரபணு என்று 1990-இல் தெரியவந்தது. குறிப்புக் கட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிய வேலை அது. உங்கள் குடும்பத்தில் இளம் வயதில் புற்றுநோய் வந்தவர்கள் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், மரபணுச் சோதனை தேவையா என்று அவர் பார்ப்பார்.

மரபணு என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். இதே நோயின் இன்னொரு வகையான ஆல்வியோலர் கட்டிகள் பெரும்பாலானவற்றில் இரண்டு மரபணுக்கள் வெட்டி ஒட்டியது போல் இணைந்திருக்கும், பாக்ஸ்3-ஃபாக்ஸோ1 என்பது அவற்றில் முக்கியமானது. இது கட்டியின் செல்லுக்குள் மட்டும் நடக்கும் விபத்து, பரம்பரை அல்ல. நுண்ணோக்கியில் எப்படித் தெரிகிறது என்பதைவிட இந்த இணைப்பு உண்டா இல்லையா என்பதை வைத்துத்தான் இப்போது ஆபத்தைக் கணிக்கிறார்கள். இந்த இணைப்பையே குறிவைத்து அடிக்கும் மருந்து இன்னும் வரவில்லை. பிடித்துக்கொள்ளப் பள்ளமோ மேடோ இல்லாத வழவழப்பான புரதம். அதுதான் எங்கள் தலைவலி.

பக்கத்து வீட்டில் கதை வேறு. கைக்குழந்தைகளுக்கு வரும் ஃபைப்ரோசார்கோமா என்ற வேறொரு மென்திசுப் புற்றுநோயில் என்டிஆர்கே என்ற மரபணு இப்படி இணைந்துகொள்கிறது. அந்தப் புரதத்தில் மருந்து உட்கார இடம் இருக்கிறது. லாரோட்ரெக்டினிப் என்ற மருந்துக்கு 2018 நவம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. காலையோ கையையோ எடுக்க வேண்டும் என்று சொல்லப்பட்ட குழந்தைகளுக்கு வாயில் ஊற்றும் மருந்தால் கட்டி சுருங்கியது. ஒரே வார்டில் ஒரு படுக்கைக்கு 2018-ஆம் ஆண்டின் மருந்து, அடுத்த படுக்கைக்கு 1963-ஆம் ஆண்டின் மருந்தான வின்கிரிஸ்டின்.

எண்ணும் எழுத்தும் (செவ்வாய், காலை 9.55)

விலையையும் சொல்லுங்கள் பூனையாரே. 1963-இன் மருந்தை நம் ஊரில் வாங்க முடியும்.

ஆய்வகப் பூனை (செவ்வாய், காலை 10.02)

அதனால்தான் பழைய மருந்தை வைத்துக் கேட்கும் கேள்விகளை நான் மதிக்கிறேன்.

ஒற்றைக்கண் ஓவியன் (செவ்வாய், இரவு 8.30)

இந்த இழையில் எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எனக்கு ஆறு வயதில் கண்குழிக்குள் இதே நோய். இப்போது முப்பத்தொன்று.

என் பாட்டி காலமாக இருந்தால் கண்ணை வேரோடு எடுத்திருப்பார்கள், எடுத்தும் பலர் பிழைக்கவில்லை. கீமோவும் கதிர்வீச்சும் சேர்த்தால் கண்ணை எடுக்காமலே பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிழைக்கிறார்கள் என்று சோதனைகள் காட்டிய பிறகு வந்த பிள்ளை நான். பிழைத்தேன். கண்ணும் இருக்கிறது, பார்வைதான் மங்கல், கதிர்வீச்சால் வந்த புரை. அந்தப் பக்கத்து எலும்பு ஆறு வயதோடு வளர்வதை நிறுத்திவிட்டது. மூக்குக்கண்ணாடிக் கடையில் எந்தச் சட்டமும் எனக்கு நேராக நிற்காது. கடைக்காரர் ஒரு காம்பைச் சூடாக்கி உள்பக்கமாக வளைத்துக் கொடுப்பார். அவர் ஓய்வு பெற்றால் என்ன செய்வேன் என்பது என் நிரந்தரக் கவலைகளில் ஒன்று.

ஆசிரியர் ஐயாவும் மருந்தாளரும் பிழைப்பு சதவீதத்தை வைத்து வாதிட்டீர்கள். பிழைத்த பிறகு ஐம்பது வருடம் இருக்கிறது. சைக்ளோபாஸ்பமைடு கூடினால் பிள்ளைப்பேறு பாதிக்கும் என்று என்னிடம் யாரும் ஆறு வயதில் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் புரிந்திருக்காது. இந்த ஆறு மாத மாத்திரையால் அது எவ்வளவு கூடுகிறது என்று மருத்துவரிடம் கேளுங்கள் அண்ணா. வேண்டாம் என்று சொல்வதற்காகக் கேட்கச் சொல்லவில்லை. கேட்டிருக்கிறோம் என்பது பிற்பாடு உங்களுக்கும் அவளுக்கும் வேண்டியிருக்கும்.

கல்வமும் குழவியும் (செவ்வாய், இரவு 9.15)

மிகச் சரியான கேள்வி தம்பி. கணக்கு மட்டும் சொல்கிறேன். பராமரிப்பில் ஒரு சதுர மீட்டர் உடற்பரப்புக்கு நாளைக்கு 25 மில்லிகிராம். ஆறு மாதத்துக்கு, 168 நாளுக்கு, 4.2 கிராம். அமெரிக்க முறையில் ஒரே சுற்றில் ஒரு சதுர மீட்டருக்கு 1.2 கிராம் போகும், அப்படிப் பல சுற்று. ஆறு மாத மாத்திரை அதில் மூன்றரைச் சுற்றுக்குச் சமம். சும்மா ஒன்றுமில்லை என்று சொல்ல மாட்டேன். ஐரோப்பிய முறையில் சைக்ளோபாஸ்பமைடுக்குப் பதில் ஐஃபாஸ்பமைடு போவதால் அதையும் சேர்த்துத்தான் மருத்துவர் கணக்குப் போடுவார்.

எண்ணும் எழுத்தும் (செவ்வாய், இரவு 9.50)

ஓவியருக்கு வணக்கம். என் வகுப்பில் இனி இந்தச் சோதனையை நடத்தும்போது உங்கள் மூக்குக்கண்ணாடியையும் சொல்வேன், அனுமதித்தால்.

அடுத்த சோதனை எது என்று தேடிப் பார்த்தேன். பிரிட்டனின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகம் ஒருங்கிணைக்கும் ‘ஃபார்-ஆர்எம்எஸ்’, 2020-இல் தொடங்கியது. பராமரிப்பை இன்னும் நீட்டினால் பயன் உண்டா, கதிர்வீச்சு எப்போது, எவ்வளவு என்று பல கேள்விகளை ஒரே கூரையின் கீழ் வைத்துக் கேட்கிறார்கள். ஒரு பிரிவில் சோதிக்கும் மருந்து தோற்றால் அதை மூடிவிட்டு வேறு மருந்தை உள்ளே விடலாம். குழந்தைகள் குறைவாக இருக்கும் நோய்க்கு இதுதான் புத்திசாலித்தனமான வடிவம். நான் பாராட்டுவது அபூர்வம் என்று என் மாணவர்கள் சொல்வார்கள்.

கடைக்குட்டியின் அப்பா (சனி, மாலை 6.10)

தாமதமாக வருகிறேன். வியாழன் அன்று மருத்துவரைப் பார்த்தோம். கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன், மனைவிதான் கேட்டாள். பிள்ளைப்பேறு பற்றிய கேள்விக்கு அவர் பேனாவை வைத்துவிட்டுப் பத்து நிமிடம் பேசினார். பராமரிப்புக்கு ஒப்புக்கொண்டோம். போர்ட் இருக்கும். குளத்துக்குப் பதில் வீட்டிலேயே ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி வாங்கியாகிவிட்டது, தண்ணீர் இடுப்புக்கு மேல் ஏறாமல்.

ஒரு சந்தேகம். மாத்திரை 50 மில்லிகிராம்தான் இருக்கிறது. இவளுக்கு நாளைக்கு 18 வர வேண்டும். உடைத்துக் கொடுக்கலாமா? மருந்துக் கடையில் ஒருவர் பாதியாக உடைக்கலாம் என்றார்.

கல்வமும் குழவியும் (சனி, மாலை 6.25)

உடைக்கவே கூடாது. மேலே பூச்சு பூசிய மாத்திரை. உடைத்தால் தூள் உங்கள் கையிலும் மூச்சிலும் போகும். 18-ஐப் பதினான்கால் பெருக்குங்கள், 252. ஐந்து மாத்திரை 250. ஆகவே இரண்டு வாரத்தில் ஐந்து முழு மாத்திரை, நாட்களைப் பிரித்துக் கொடுப்பார்கள். எந்தெந்த நாள் என்பதை மருத்துவரிடமே எழுதி வாங்குங்கள், நான் சொன்னேன் என்று நீங்களாகத் தொடங்க வேண்டாம்.

இரவுப்பணி (சனி, இரவு 7.40)

காலையில் கொடுங்கள், பகல் முழுவதும் தண்ணீர் குடிக்கட்டும், சிறுநீர் தேங்கக் கூடாது. கையுறை போட்டுக்கொண்டு எடுங்கள். விழுங்கத் தெரியாத பிள்ளைக்கு எங்கள் வார்டில் வெந்த ஜவ்வரிசியை வைத்துப் பழக்குவோம். முதலில் ஒன்று, தண்ணீரோடு. அது போய்விட்டால் கொஞ்சம் பெரியது. நான்கைந்து நாளில் பழகிவிடும்.

கடைக்குட்டியின் அப்பா (புதன், இரவு 9.05)

ஜவ்வரிசியில் மூன்று நாள் ஆயிற்று. நேற்று பச்சைப் பட்டாணி ஒன்றை முழுசாக விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டினாள். நாட்களை மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டார்: திங்கள், வியாழன், ஞாயிறு, அடுத்த வாரம் புதன், சனி. நாள்காட்டியில் அண்ணன்காரன் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறான். வரும் திங்கள் முதல் மாத்திரை.